சீட்டு அண்ணனுக்குத் தெரியும்

ஒரு கம்பெனியில் யார் வேலையை விடப் போகிறார் என்பது முதலில் யாருக்குத் தெரியும்? எச்.ஆர். அதிகாரிக்குக் கடிதம் கைக்கு வந்த பிறகுதான் தெரியும். சூப்பர்வைசருக்கு ஆள் வராத அன்றைக்குத் தெரியும். மனைவிக்குக்கூட இரண்டாவதாகத்தான் தெரியும். முதலில் தெரிவது சீட்டு பிடிக்கிற அண்ணனுக்கு.

கத்திவாக்கம், எண்ணூர், திருவொற்றியூர் பக்கம் உள்ள கம்பெனிகளில் இவர் இல்லாத கேன்டீனைக் காண்பது அரிது. வயது ஐம்பதுக்கு மேல். பர்மனென்ட். சட்டைப் பையில் ஒரு குட்டி நோட்டு, அதைச் சுற்றி ரப்பர் பேண்டு, இரண்டு பேனா. எந்த மெஷினில் வேலை என்று கேட்டால் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வார். ஆனால் யாருக்கு எந்தத் தேதியில் சம்பளம் ஏறும், யார் வீட்டில் என்ன விசேஷம், யார் யாரிடம் கைமாற்று வாங்கியிருக்கிறார்கள் என்பதெல்லாம் நோட்டைத் திறக்காமலே வரும். 1982-ஆம் வருடச் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு செய்யாமல் சீட்டு நடத்தக் கூடாது. அண்ணனுடைய சீட்டு பதிவானதா என்று அவரிடம் கேட்பது நாகரிகமில்லை. நடத்துபவரின் கமிஷனை 5 சதவீதத்திலிருந்து 7 சதவீதமாக 2019-இல் அரசாங்கம் உயர்த்தியது. அண்ணன் பல வருடங்களாக ஏழுதான் எடுத்து வந்தார். அரசாங்கம் தாமதமாகத் தன் வழிக்கு வந்ததில் அவருக்குத் திருப்தி.

ஆள் கிளம்புவதை மோப்பம் பிடிக்க அவருக்கு ஏன் இத்தனை அக்கறை? இருபது பேர், மாதம் 5,000 ரூபாய், ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டு. முதல் சீட்டு அண்ணனுக்கு. இரண்டாம் மாத ஏலத்தில் ஒருவன் முப்பதாயிரம் தள்ளி எடுக்கிறான். எழுபதாயிரம் கைக்குப் போய்விட்டது. இன்னும் பதினெட்டு மாதம் அவன் கட்ட வேண்டும். அவன் வேலையை விட்டு ஓரகடம் பக்கம் போனால்கூடச் சமாளிக்கலாம், ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போய்ப் பிடித்துவிடலாம். துபாய்க்குப் போனால்? கம்பெனிக்கு ஒரு ஆள்தான் குறைகிறான். அண்ணனுக்குப் பதினெட்டு தவணை குறைகிறது. எச்.ஆர். அதிகாரி தூங்கலாம், இவர் தூங்க முடியாது.

ஆகவே அவர் கவனிக்கிறார். இரண்டாம் மாதமே ஆழமாகத் தள்ளி எடுப்பவனுக்கு இரண்டு காரணம்தான் இருக்க முடியும் என்பது அவர் சித்தாந்தம்: ஒன்று தங்கச்சி கல்யாணம், இல்லையென்றால் ஏஜென்டுக்கு அட்வான்ஸ். இரண்டையும் பிரித்துப் பார்ப்பதில்தான் அவருடைய திறமை. கல்யாணக்காரன் பணத்தை வாங்கியதும் மண்டப வாடகையைப் பற்றி ஊரெல்லாம் புலம்புவான். ஏஜென்டுக்காரன் பணத்தை எண்ணிக்கூடப் பார்க்காமல் பையில் வைத்துக்கொண்டு, "அம்மாவுக்கு ஒடம்பு சரியில்லண்ணே" என்பான். அந்த அம்மா மறுநாள் காலை மீன் கூடையோடு அண்ணன் வீட்டு வாசலிலேயே விலை சொல்லிக்கொண்டு நிற்பார்.

அடுத்தது போட்டோ. வெள்ளைப் பின்னணியில், காது தெரிய, சிரிக்காமல் எடுத்த போட்டோ ஒருவன் பர்ஸில் தென்பட்டால் அண்ணன் அன்றைக்கு இரண்டாவது டீ சொல்வார். வெல்டர்களிடம் வேறு அடையாளம். சாப்பாட்டு நேரத்தில் சீட்டாட வராமல், ஸ்கிராப் யார்டில் பைப் துண்டு பொறுக்கி, அதை 45 டிகிரி சாய்வாகப் பிடித்து வைத்து, பைப்பைத் திருப்பாமல் தான் சுற்றி வந்து பற்றவைத்துப் பழகுகிறான் என்றால், அவன் சிக்ஸ் ஜி டெஸ்டுக்குத் தயாராகிறான். கம்பெனி வேலைக்கு அந்த டெஸ்ட் தேவையே இல்லை. வளைகுடாவில் ஜுபைலுக்கும் ருவைஸுக்கும் ஷட்டவுன் வேலைக்குப் போகத் தேவை. சூப்பர்வைசர் இதைப் பார்த்துவிட்டு, "பையனுக்குத் தொழில் மேல என்னா ஆர்வம் பாருங்க" என்று பெருமைப்படுவார். அண்ணன் ஒன்றும் பேச மாட்டார். நோட்டில் அந்தப் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் புள்ளி விழும்.

கடைசி அடையாளம் குடியை நிறுத்துவது. வளைகுடா மெடிக்கலில் ரத்தம் பார்ப்பார்கள், நெஞ்சை எக்ஸ்ரே எடுப்பார்கள். எண்ணூர்ச் சாம்பலையும் புகையையும் பிறந்ததிலிருந்து சுவாசித்தவன் அந்த எக்ஸ்ரேக்கு ஒரு மாதம் முன்பிருந்தே நடுங்குவது நியாயம்தான். பீடி போகும், குவார்ட்டர் போகும், காலையில் வாக்கிங் வேறு. மனைவி சாமிக்கு நேர்ந்துகொண்டது பலித்துவிட்டது என்று தேங்காய் உடைப்பாள். அண்ணன் அன்று மாலையே அவனைப் பிடிப்பார்.

"இன்னாடா, பாஸ்போர்ட்டு வந்துச்சா?"

"யார்ணே சொன்னது?"

"நீதான். இப்பத்தான் சொன்ன."

இந்த ஞானத்தை அமெரிக்காவிலும் தேடியிருக்கிறார்கள். யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தின் திமோதி கார்ட்னரும் இரண்டு கூட்டாளிகளும், வேலையை விடப் போகிறவர்களின் நடத்தைகளாக மேலாளர்கள் சொன்னதைத் திரட்டினார்கள். தொள்ளாயிரத்துக்கும் மேல் தேறியது. சலித்துச் சலித்து, 2018 வாக்கில் பதின்மூன்றில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். வேலை வழக்கத்தைவிடக் குறையும், சீக்கிரம் கிளம்புவார்கள், நீண்ட நாள் திட்டத்துக்குத் தலையாட்டத் தயங்குவார்கள், மேலதிகாரியைப் பற்றிய குறை கூடும், இப்படி. டிப்டாப்பாக உடுத்தி வருவது, டாக்டரிடம் போகிறேன் என்று லீவு போடுவது எல்லாம் அந்தப் பட்டியலில் நிற்கவில்லை. இதை அண்ணனிடம் படித்துக் காட்டினால் டிப்டாப் விஷயத்தில் ஒத்துக்கொள்வார். இங்கே இஸ்திரி போட்ட சட்டையில் ஒருவன் ஷிப்டுக்கு வந்தால் யாரோ சொந்தக்காரர் வீட்டு நிச்சயதார்த்தம் என்று அர்த்தம், அவ்வளவுதான். ஆனால் "குறை சொல்வது கூடும்" என்ற இடத்தில் சிரித்துவிடுவார். சூப்பர்வைசரைத் திட்டுவதில் கத்திவாக்கம் ஏற்கனவே முழு அளவில் இயங்குகிறது. இதற்கு மேல் கூட இடமில்லை.

"நாளைக்கே பேப்பர் போட்டுடறேன்" என்று தினம் ஒரு தடவை கத்துகிறவர் ஒவ்வொரு ஷாப்பிலும் உண்டு. அவர் ஐம்பத்தெட்டு வயதில் மாலை போட்டு, வெள்ளி விளக்கு வாங்கிக்கொண்டுதான் போவார். அப்படிப்பட்டவருக்கு அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு சீட்டு கொடுப்பார். அவர் ஒரு வாரம் கத்தாமல் இருந்தால்தான் கவலை. சூப்பர்வைசரைப் பார்த்து "பாவம், அவரு மட்டும் இன்னா பண்ணுவாரு" என்று சொல்லிவிட்டாலோ, கதை முடிந்தது. மனசு கேட்டைத் தாண்டிவிட்டது, உடம்புக்கு மட்டும் இன்னும் கொஞ்சம் நோட்டீஸ் பீரியட் பாக்கி.

பர்மனென்ட் ஆட்களை அண்ணன் காலண்டரை வைத்தே படித்துவிடுவார். கிராஜுவிட்டிக்கு ஐந்து வருட சர்வீஸ் என்பது 1972-ஆம் வருடச் சட்டம் வைத்த கணக்கு. ஐந்தாவது வருடத்தில் 240 நாள் வேலை பார்த்திருந்தாலே போதும் என்று சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் சொன்னது. தீர்ப்பை அண்ணன் படித்ததில்லை, எண் மட்டும் தெரியும். ஒருவன் நான்கு வருடம் ஏழு மாதம் முடித்துவிட்டு, கேன்டீனில் போனை எடுத்துப் பதினைந்தால் பெருக்கி இருபத்தாறால் வகுத்தால், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அண்ணனுக்கு விடை தெரிய வேண்டியதில்லை. வகுத்ததே போதும்.

குப்பத்துப் பையன்கள் விஷயம் தனி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், 61 நாள். காசிமேட்டுப் படகுகளில் ஏறும் பையன்கள் அந்த நாட்களில் கான்ட்ராக்டில் ஹெல்பராக வருவார்கள். சுறுசுறுப்பானவர்கள். புதிதாக வந்த எச்.ஆர். பெண், வைகாசி நடுவில் அவர்களை உட்காரவைத்து, "அஞ்சு வருஷம் கழிச்சு உங்களை நீங்க எங்க பார்க்கிறீங்க?" என்று கேட்டார். அதில் ஒருவன் மரியாதையாக எழுந்து, "ஜூன் பதினஞ்சுல கடல்ல, மேடம்" என்றான். சித்திரையில் ஆரம்பிக்கும் எந்தச் சீட்டிலும் அண்ணன் இவர்களைச் சேர்ப்பதில்லை. கோபமில்லை, ஐஸ் விலையும் டீசல் விலையும் விசாரித்து அவர்கள் போனில் பேச ஆரம்பித்ததும் கையில் ஐம்பது ரூபாய் கொடுத்து, "வஞ்சிரம் வந்தா சொல்லு" என்பார்.

இவ்வளவு தெரிந்த அண்ணனையும் ஏமாற்றிய கிளம்பல் ஒன்று உண்டு. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970-இல் ஓடத் தொடங்கியது, 450 மெகாவாட். 2017-இல் மூடினார்கள். வேலையை விட்டுப் போகிற ஆளைப் பற்றித்தான் உலகம் ஆராய்ச்சி செய்கிறது. ஆளை விட்டுப் போகிற வேலைக்கு யார் பதின்மூன்று அடையாளம் எழுதி வைத்தார்கள்? நிரந்தர ஊழியர்களுக்கு வேறு மின் நிலையம் கிடைக்கும், கான்ட்ராக்ட் ஆளுக்கு கேட் மட்டும்தான் மூடும். அதற்குப் பிறகு அண்ணன் கம்பெனிகளையும் படிக்கத் தொடங்கினார். சுவருக்கு இரண்டு ஆயுத பூஜையாக வெள்ளையடிக்காதது, கேன்டீன் வடை இளைப்பது, ரிட்டயரான ஆளின் லாக்கரை யாருக்கும் கொடுக்காதது, பெரிய அதிகாரி திடீரென்று எல்லோரையும் "ஃபேமிலி" என்று கூப்பிடுவது. இந்தக் கடைசி அடையாளத்துக்கு அவர் நோட்டில் இரண்டு புள்ளி.

சரி, அண்ணனை யார் கவனிப்பது? பத்தொன்பது பேரும்தான். சீட்டு எடுத்தவனுக்கு அவர் இருந்தால் என்ன, போனால் என்ன. எடுக்காதவனுக்கு அவர் முகம்தான் பாஸ்புக். போன ஆனி மாதம் மகளை ஹாஸ்டலில் சேர்க்க, சக்கரம் வைத்த பெரிய ஏர்பேக் ஒன்றை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு கத்திவாக்கம் ஸ்டேஷனில் இறங்கி நடந்து வந்திருக்கிறார். ராத்திரி எட்டு மணிக்குள் பதினோரு பேர் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். தனித்தனியாக, ஒருவர் வருவது இன்னொருவருக்குத் தெரியாமல்.

"இன்னாபா, இந்நேரத்துல?"

"ஒண்ணும் இல்லண்ணே, இந்தப் பக்கமா வந்தேன். சும்மா பாத்துட்டுப் போலாம்னு."

அண்ணி எல்லோருக்கும் டீ போட்டார். வந்த ஒருவரும் டீயைப் பார்க்கவில்லை. மூலையில் இருந்த பையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவன் எழுந்து போய், பூ போட்டிருக்கிறதா என்று திருப்பியே பார்த்துவிட்டான். பூ போட்டிருந்தது. "பாப்பாவுக்காண்ணே?" என்று கேட்டுவிட்டு, அப்புறம்தான் டீயை எடுத்தான்.