கறுப்புச் சட்டையும் ரெண்டு நாமமும்

சைக்கிள் பந்தயத்தின் சரித்திரத்தை எழுத காஞ்சிபுரத்துக்காரனை விட்டால் ஆள் கிடையாது. எங்கள் ஊரில் பந்தயம் அமர்க்களப்பட்டதாலா? அதெல்லாம் இல்லை. ஒரே பெருமாளுக்கு ரெண்டு கோஷ்டி என்றால் என்ன என்பது எங்களுக்குப் பால்குடியிலிருந்தே பழக்கம். வரதர் முன்னால் யார் முதலில் பாடுவது, வடகலையா தென்கலையா என்று தலைமுறை தலைமுறையாகக் கோர்ட்டுப்படி தேய்த்தவர்கள் நாங்கள். யானைக்குப் பாதம் வைத்த நாமமா, வைக்காத நாமமா என்று கேட்டுப் பாருங்கள், இன்றைக்கும் ரெண்டு பேர் தொண்டையைச் செருமுவார்கள்.

இந்த ஞானத்தோடு இங்கிலாந்துக்குப் போவோம். 1894 ஜூலை. லண்டனுக்கு வடக்கே ஐம்பது மைல் பந்தயம். எதிரே சாரட்டில் ஒரு சீமாட்டி. குதிரை மிரண்டது, பந்தயக்காரர்கள் ஒருத்தர்மேல் ஒருத்தர் விழுந்தார்கள். குவியலில் பிட்லேக் என்பவரும் ஒருவர். போலீஸ் கண்ணை உருட்டியது. நேஷனல் சைக்கிளிஸ்ட்ஸ் யூனியன் என்ற சங்கமோ, ரோட்டில் பந்தயமே கூடாது என்று எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தியது.

பிட்லேக் ஒரு உபாயம் கண்டுபிடித்தார். ஒவ்வொருத்தராக இடைவெளி விட்டு அனுப்பு. பார்ப்பவனுக்குப் பந்தயம் என்றே தெரியாது. கடிகாரம்தான் எதிராளி. விடியற்காலையில் நடத்து. பாதைக்கு ரகசியக் குறி வை. கழுத்திலிருந்து கணுக்கால்வரை கறுப்பு உடுத்து. சூரியன் அஸ்தமிக்காத சாம்ராஜ்யம், சூரியன் உதிக்கும் முன்னால் திருட்டுத்தனமாகச் சைக்கிள் விட்டது.

காஞ்சிபுரத்தில் கறுப்புச் சட்டை என்றால் அர்த்தம் வேறு. இது அண்ணா பிறந்த ஊர். அந்தக் கறுப்பு, நாலு பேர் பார்க்கட்டும் என்று போட்டது. இந்தக் கறுப்பு, ஒருத்தனும் பார்த்துவிடக் கூடாது என்று போட்டது.

1942இல் அண்ணா இங்கிருந்து ‘திராவிட நாடு’ இதழைத் தொடங்கினார். அதே வருஷம் ஜூன் 7ஆம் தேதி, பெர்சி ஸ்டாலர்ட் என்ற சைக்கிள் கடைக்காரர் லாங்கோலனிலிருந்து உல்வர்ஹாம்ப்டனுக்குப் பட்டப்பகலில் பந்தயமே விட்டுவிட்டார். போலீஸ் சரி என்றது. சங்கம்தான் சாமி வந்து ஆடியது. 40 பேர் கிளம்பி 15 பேர் வந்து சேர்ந்தார்கள். ஸ்டாலர்டை ஜாதிப்பிரஷ்டம் செய்தார்கள்.

அவர் சும்மா இருப்பாரா? போட்டிச் சங்கம் கண்டார். அது 1943இல் தேசிய சாம்பியன்ஷிப்பும் நடத்தியது. பிறகு பழைய சங்கமும் தன் பங்குக்கு ஒன்று நடத்த, ஒரே தேசத்துக்கு ரெண்டு சாம்பியன். இதில் குழம்புகிறவன் வெளியூர்க்காரன். நடுவில் புதுச் சங்கம் ஸ்டாலர்டையே வெளியே தள்ளியது. ஸ்தாபகரை நீக்குவதில் வெள்ளைக்காரன் நம்மைவிடச் சுறுசுறுப்பு. 1959இல் ரெண்டும் ஒன்றாயின. எங்கள் வழக்குக்கு அவ்வளவு சீக்கிரம் முடிவு கேட்கிற அளவுக்கு நாங்கள் பேராசைக்காரர்கள் இல்லை.

இந்தியாவில் சைக்கிள் சம்மேளனம் பிறந்தது 1946இல். அதற்கு ஓடியாடிய ஜானகி தாஸ், சிட்னியில் 1938இல் நடந்த எம்பயர் கேம்ஸில் சைக்கிள் விட்டவர். இந்திப்பட நடிகரும்கூட. கூட்டம் நடத்திப் பழகியவருக்கு நடிப்பு வராமல் போகுமா?

எங்கள் தாத்தாவுக்கு இதெல்லாம் தெரியாது. பிள்ளையார்பாளையத்தில் தறி; அம்பத்தூரில் செய்த ஹெர்குலிஸ் ஒன்று. முடித்த கோர்வைச் சேலையைப் பழைய வேட்டியில் சுற்றி, கேரியரில் டியூப் பட்டையால் இறுக்கிக் கட்டுவார். வைகாசிக் கருட சேவையன்று தெரு அடைத்துவிடும் என்று இருட்டிலேயே கிளம்பினாராம். விளக்கு கிடையாது. முக்கு திரும்பியதும் போலீஸ்காரர் பிடித்து, ரெண்டு சக்கரத்திலும் காற்றைப் பிடுங்கிவிட்டார். தூரத்திலேயே காட்டிக்கொடுத்தது தாத்தாவின் வெள்ளை வேட்டி.