திண்ணை வைஃபை

கோயமுத்தூரில் வாசல் ஏறி வந்தவருக்குச் சொம்பு நிறையச் சிறுவாணித் தண்ணி கொடுக்காமல் பேச்சே தொடங்காது. இப்போது சொம்பைக் கீழே வைப்பதற்குள் அடுத்த கேள்வி வந்துவிடுகிறது: "ஏனுங்க, வைஃபை பாஸ்வேர்டு என்னங்க?" இல்லை என்று சொல்ல இந்த ஊரில் யாருக்கு நாக்கு வரும்?

வடவள்ளியில் எங்கள் வீட்டுக்கு ரௌட்டர் மாட்ட வந்த தம்பி, செட்டிங்ஸுக்குள் போகப் பெயரும் 'அட்மின்', பாஸ்வேர்டும் 'அட்மின்' என்றான். மாற்ற வேண்டாமா என்று கேட்டேன். "அதெல்லாம் ஆரு பாக்கப் போறாங்ணா!" 2016இல் மிராய் என்ற வைரஸ் பார்த்தது. கம்பெனியில் போட்டு அனுப்பும் இதுமாதிரிப் பெயர், பாஸ்வேர்டு ஜோடிகள் அறுபத்துச் சொச்சத்தை வைத்துக்கொண்டு லட்சக்கணக்கான கேமராக்களையும் ரௌட்டர்களையும் வளைத்துப் போட்டது. அந்தப் பட்டியலில் நம் அட்மினும் உண்டு. அன்றைக்கே மாற்றினேன். பாஸ்வேர்டு தட்டாமலே இணையவிடும் டபிள்யூபிஎஸ் வசதியையும் அணைத்தேன். அதன் எட்டு இலக்க எண்ணைப் பதினோராயிரம் முயற்சிக்குள் பிடித்துவிடலாம் என்று 2011லேயே காட்டிவிட்டார்கள்.

வைஃபைக்குப் பாஸ்வேர்டு எதற்கு என்று அம்மாவுக்குத்தான் விளக்க வேண்டியிருந்தது. 2008 ஜூலையில் அகமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சற்று முன் ஒரு மிரட்டல் மெயில் போனது. போலீஸ் தேடிப்போய் நின்ற இடம் நவி மும்பையில் ஓர் அமெரிக்கரின் வீடு. அவருக்கும் மெயிலுக்கும் சம்பந்தமில்லை. அவருடைய வைஃபையை எவனோ பயன்படுத்தியிருந்தான்.

"பாவம், ஆருக்குப் பாஸ்வேர்டு குடுத்தாரோ?"

"குடுக்கலைம்மா. பாஸ்வேர்டே வெக்கலை."

"பூட்டே இல்லாத ஊடா!" அம்மா வாயில் கை வைத்தார். அப்புறம் மறுப்பே இல்லை.

எங்கள் பாஸ்வேர்டு அரிசிம்பருப்புச் சோறு, ஆங்கில எழுத்தில். நீளம்தான் பலம். கூவிச் சொன்னாலும் கவலையில்லை. பருப்புக்கு 'பி' ஒன்றா இரண்டா என்று சித்தப்பாவும் மாமாவும் இன்னும் தீர்க்கவில்லை. (இங்கே எழுதிவிட்டதால் ராத்திரிக்குள் மாற்ற வேண்டும்.)

வருகிறவர்களுக்கென்று கெஸ்ட் நெட்வொர்க் தனியாகப் போட்டேன். திண்ணை மாதிரி. உட்காரலாம், யூடியூப் பார்க்கலாம். உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர், கேமரா பக்கம் வர முடியாது. அம்மாவுக்கு இது ரொம்பப் பிடித்துப்போயிற்று. அந்தப் பாஸ்வேர்டை ஃபிரிட்ஜ் மேலேயே ஒட்டிவைத்தார்.

போன வாரம் பக்கத்து வீட்டு அக்கா வந்து கேட்க, அம்மா உள்வீட்டுப் பாஸ்வேர்டையே எழுத்தெழுத்தாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கண்ணைக் காட்டினேன். அக்கா போனதும் எனக்குக் கிடைத்தது: "ஏன் கண்ணு, அவங்களப் போயித் திண்ணையிலயா உக்கார வெப்பாங்க?"