லாந்தலியல்: திருநெல்வேலியை முன்வைத்து ஒரு முன்னாய்வு

பெருநகரத்தில் வாழ்க்கையை அனுபவிப்பது எப்படி என்று எழுதியவர்களில் பெரும்பாலோர், பெருநகரத்தில் பணத்தைச் செலவழிப்பது எப்படி என்றுதான் எழுதியிருக்கிறார்கள். காசு கொடுத்தால் இன்பம் கிடைக்கும் என்பது வணிகவியல். அதற்குத் தனித் துறை இருக்கிறது, பட்டம் கூடத் தருகிறார்கள். கால் கிலோ அல்வாவின் விலைக்கு மேற்படாத செலவில் ஓர் ஊரை முழுசாக அனுபவிப்பதைப் பற்றியதே லாந்தலியல். இத்துறைக்குப் பட்டமும் இல்லை, பேராசிரியரும் இல்லை. வல்லுநர்கள் மட்டும் ஏராளம்.

திருநெல்வேலி ஒரு பெருநகரமா என்று சென்னைக்காரர்கள் கேட்கக்கூடும். 1994 முதல் அது மாநகராட்சி. 2011 கணக்கெடுப்பில் மக்கள் தொகை 4.7 லட்சத்தைத் தாண்டியது. அதைவிட வலுவான சான்று ஒன்று உண்டு: டவுன், ஜங்ஷன், பாளையங்கோட்டை, மேலப்பாளையம் என்று உள்ளுக்குள்ளேயே தனித்தனி ஊர்கள் இருக்கின்றன, நடுவே ஆறு ஓடுகிறது. பாளைக்காரர் ஒருவர் "டவுனுக்குப் போயிட்டு வாரேன்" என்று சொல்லிக் கிளம்பும் தொனியில், அந்தக் காலத்தில் தூத்துக்குடியில் கொழும்புக் கப்பல் ஏறியவரின் கனம் இருக்கும். ஊருக்குள்ளேயே ஊருக்குப் போக முடிந்தால் அது பெருநகரம்தான். ஆட்சேபம் தீர்ந்தது.

இனி இலக்கணம். பழைய முறைப்படி சூத்திரம் செய்து உரையும் எழுதிவிடுவது நல்லது.

வேலை இன்றி வேலை உளதுபோல்
நடத்தலும் நிற்றலும் லாந்தல் என்ப.

இச்சூத்திரம் என்னுதலிற்றோவெனின், லாந்துவானின் இயல்பு உணர்த்துதல் நுதலிற்று. 'நிற்றலும்' என்புழி உம்மை எச்சவும்மை ஆதலின் இருத்தலும் படுத்தலும் கொள்ளப்படும். படுத்தல் என்றது, உச்சி வெயிலுக்குக் கல் மண்டபத்தில் துண்டை விரித்துச் சாய்வது. 'என்ப' என்றமையால் இது முன்னோர் கொள்கை என்க. முன்னோர் யாவரோவெனின், சாயங்காலம் வாகையடி முக்கில் நிற்பவர்.

சூத்திரத்தின் உயிர் 'வேலை உளதுபோல்' என்பதில் இருக்கிறது. ஐரோப்பிய அறிஞர்கள் கோட்டைவிட்ட இடமும் இதுவே. பெர்லின்காரரான கேயோர்க் சிம்மெல் 1903இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், மாநகரத்தான் மனம் மரத்தவன், எதையும் கண்டுகொள்ளாதவன், அதனாலேயே சுதந்திரமானவன் என்கிறார். வால்டர் பெஞ்சமின் சொல்வது இன்னும் விசேஷம். 1840ஐ ஒட்டி, பாரிஸின் கூரைபோட்ட கடைவீதிகளில் ஆமையைக் கூட்டிக்கொண்டு அதன் வேகத்தில் நடப்பது கொஞ்ச காலம் நாகரிகமாக இருந்ததாம். யாரும் எதுவும் கேட்கவில்லை போலிருக்கிறது. சந்திப் பிள்ளையார் முக்கிலிருந்து வாகையடி முக்கு வரை ஒருவர் ஆமையோடு நடந்தால் என்ன ஆகும்? எங்கே பிடித்தது, என்ன விலை, வீட்டில் எல்லோரும் சுகமா என்று ரத வீதியே கூடிவிடும். ஆமை வீடு போய்ச் சேராது. நடையின் வேகத்தைக் குறைக்க எங்களுக்கு நெல்லையப்பர் கோயில் யானை காந்திமதி இருந்தது. அதன் பின்னால் நடப்பவரை யாரும் ஏன் என்று கேட்டதில்லை. 2025 ஜனவரியில் அதுவும் போய்விட்டது.

ஆக, பாரிஸில் லாந்துகிறவனை யாருக்கும் தெரியாது. திருநெல்வேலியில் எல்லோருக்கும் தெரியும். பத்தடிக்கு ஒருதரம் "என்ன அண்ணாச்சி, எங்கன தூரம்?" என்ற கேள்வி வரும். "இங்கனதான்" என்பது ஏற்றுக்கொள்ளப்பட்ட விடை. "சும்மாதான்" என்பது ஆபத்தான விடை. அப்படிச் சொன்னவருக்கு பெஞ்சில் இடம் போட்டு, டீ சொல்லி, ஆறுதலாக விசாரிப்பார்கள். விளக்கு வைப்பதற்குள் அவருக்கு வேலை போய்விட்டது என்ற செய்தி வீட்டை எட்டியிருக்கும். எனவே இவ்வூரில் லாந்துவதற்குக் கால்களைவிட முதன்மையானது சாக்கு. சாக்குக் கோட்பாடு இந்த மண் உலக அறிவுக்குத் தந்த கொடை.

நல்ல சாக்குக்கு இரண்டு தகுதிகள் வேண்டும். எவ்வளவு நேரம் ஆகும் என்று பிறர் கணக்குப் பார்க்க முடியாததாக இருக்க வேண்டும். திரும்பி வரும்போது காட்டத் தடயம் கிடைக்க வேண்டும். இரண்டிலும் கோயில் தேறிவிடும். நெல்லையப்பருக்கு ஒரு கோயில், காந்திமதி அம்மனுக்கு ஒரு கோயில். இரண்டையும் இணைக்கும் சங்கிலி மண்டபத்தை 1647இல் வடமலையப்ப பிள்ளையன் கட்டினார். அவர் பக்தியினால் கட்டினார் என்பதில் ஐயமில்லை. ஆனால் விளைவைப் பாருங்கள்: லாந்துகிறவரைச் சுவாமி சந்நிதியில் தேடினால் அம்மன் சந்நிதிக்குப் போயிருப்பார், அங்கே தேடினால் இங்கே வந்திருப்பார். தடயத்துக்கோ நெற்றியில் இட்ட திருநீறு போதும், செலவில்லை.

ஆறு இன்னும் மேல். குறுக்குத்துறைப் படித்துறையில் விடியலில் வந்து இறங்குகிறவரைக் கவனியுங்கள். நேரே தண்ணீருக்குள் போகமாட்டார். கடைசிக்கு முந்தின படியில் உட்கார்ந்து வேப்பங்குச்சியை மெல்லுவார். ஒரு காலை மட்டும் தண்ணீரில் விட்டு, மீன்குஞ்சு கடித்ததும் எடுத்துக்கொள்வார். ஆற்றுக்குள் இருக்கும் முருகன் கோயிலைப் பார்த்து ஒரு கும்பிடு. துண்டை அலசி, பிழிந்து, மறுபடி அலசுவார். பக்கத்துப் படியில் இருப்பவரோடு மணிமுத்தாறு அணையில் எத்தனை அடி தண்ணீர் என்ற விவாதம் முடிந்த பிறகுதான் முதல் முங்கு. முங்குவதற்கு ஆகும் நேரம் மிகக் குறைவு. ஆனால் 'ஆத்துல குளிக்கப் போயிருந்தேன்' என்பதற்குள் மேற்கண்ட அனைத்தும் அடக்கம். ஈரத் துண்டை மறுக்க யாராலும் முடியாது.

ஆய்வாளர் தம் மூக்கையும் உடன் கொண்டுசெல்வது நலம். பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலைத் தொடும் வரை சுமார் 128 கிலோமீட்டர் ஓடும் ஆற்றுக்கு, மாநகரத்துக்குள் நாம் கலந்துவிடும் சாக்கடை எந்த உரையாசிரியராலும் அமைதி சொல்ல முடியாத பாடம். வெள்ளம் பார்க்கப் போவதும் முன்பு நல்ல சாக்காக இருந்தது. குறுக்குத்துறை உற்சவரை மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்று கேள்விப்பட்டதும் பாதி ஊர் பாலத்தில் நிற்கும். 2023 டிசம்பரில் வெள்ளம் வீட்டுக்குள் வந்து நம்மைப் பார்த்தது. அதன் பிறகு இச்சாக்கை வழக்கொழிந்ததாகக் கொள்கிறேன்.

பாலத்துக்கு வருவோம். பாளைக்கும் டவுனுக்கும் நடுவே ஒருகாலத்தில் படகுதான். சிரஸ்தேதாராக இருந்த சுலோச்சன முதலியார் தம் கைப்பணத்தைப் போட்டுக் கட்டிய பாலம் 1843இல் திறந்தது, பதினோரு வளைவுகளோடு. பாரிஸில் ஆமைகள் நடந்த காலத்தை ஒட்டி இங்கே மனிதர்கள் நடக்கத் தொடங்கினார்கள் என்று ஒப்பீட்டாய்வாளர் குறித்துக்கொள்ளலாம். படகில் போனால் காரியமாகப் போக வேண்டும். சும்மா போய் வரப் படகு இடம் கொடுக்காது. பாலம் கொடுக்கும். அது மட்டுமல்ல, பாலத்தில் நடப்பவரைப் பார்த்தாலே அக்கரையில் ஏதோ ஜோலி இருப்பதாகத் தோன்றும். கொக்கிரகுளம் பக்கம் கலெக்டர் ஆபீஸ் வேறு இருப்பதால், கையில் ஒரு பழைய கவர் இருந்தால் போதும், மனு கொடுக்கப் போவதாக ஊர் முடிவு செய்துகொள்ளும்.

அரசே லாந்தலை அங்கீகரித்த இடமும் ஒன்று உண்டு. 1973இல் ஜங்ஷனில் திறக்கப்பட்ட ஈரடுக்கு மேம்பாலம்தான் அது. இந்தியாவிலேயே முதலாவது என்று சொல்லாத நெல்லைக்காரர் கிடையாது. மேலடுக்கில் பஸ், லாரி. கீழடுக்கில் சைக்கிளும் நடந்துபோகிறவர்களும். ரயில் பாதையைத் தாண்டத்தான் கட்டினார்கள் என்பது பொறியாளர் கூற்று. வேலை உள்ளவர்களுக்கு ஒரு தளம், இல்லாதவர்களுக்கு ஒரு தளம் என்று மனித குலத்தை இரண்டாகப் பிரித்துக் கான்கிரீட்டில் எழுதிவைத்ததாகவே இவ்வாய்வு கருதுகிறது. கீழடுக்கில் இருப்பவருக்கு வெயில் படாது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அரசின் அனுதாபம் எந்தப் பக்கம் என்பது விளங்கும்.

அருகிலேயே ரயில் நிலையம். 'நெல்லை எக்ஸ்பிரஸ்ல மச்சானை ஏத்திவிடப் போறேன்' என்பது ராத்திரிச் சாக்குகளில் முதலிடம் பெறும். பிளாட்பாரம் டிக்கெட் அச்சிட்ட தடயம். அதில் நேரமும் இருக்கும். வண்டி கிளம்பிய பின் பிளாட்பாரத்தில் ஏற்படும் அந்த வெறுமையான அரைமணி நேரம் யார் கணக்கிலும் வராது. மச்சான் ஊரில் இருக்க வேண்டும் என்பது ஒன்றே குறை.

இருந்தபடியே லாந்துவதற்கு மேலான எடுத்துக்காட்டு வட்டத்தொட்டி. ரசிகமணி டி.கே.சி.யின் வண்ணார்பேட்டை வீட்டு முற்றத்தில் நண்பர்கள் கூடிக் கம்பனை ரசித்தார்கள். இலக்கிய வரலாற்றாசிரியர்கள் இதை ரசனை மரபு என்பார்கள், அதுவும் சரிதான். லாந்தலியல் நோக்கில் பார்த்தால், பத்தாயிரத்துச் சொச்சம் பாட்டு உள்ள நூலைச் சாக்காக எடுத்துக்கொண்ட தீர்க்கதரிசனம் வியக்கத்தக்கது. தனிப்பாடலை எடுத்திருந்தால் ஒரு வாரத்தில் வீட்டுக்குப் போக வேண்டி வந்திருக்கும். டி.கே.சி. பிற்காலத்தில் குற்றாலத்துக்குப் போய்விட்டார். குற்றாலச் சாரலைப் பற்றி இங்கே பேசமாட்டேன். 2019 முதல் அது தென்காசி மாவட்டம், ஆய்வெல்லைக்கு வெளியே.

இதுவரை சொன்னதெல்லாம் ஆண்பாலுக்கு. டீக்கடை பெஞ்சு, பாலத்துக் கைப்பிடிச் சுவர், முக்கு, எல்லாமே ஆண்களுக்கு என்று எழுதிவைக்காமலே எழுதிவைத்தவை. ஒரு பெண் வாகையடி முக்கில் சும்மா நின்றால் 'பஸ்ஸை விட்டுட்டியாம்மா?' என்று கேட்பார்கள். அடுத்த பஸ் வந்தும் ஏறாமல் நின்றால் கேட்கமாட்டார்கள், பார்ப்பார்கள். அதனால் பெண்களின் சாக்கு எப்போதும் இரட்டைச் சாக்கு: கோயிலும் வளையல் கடையும், தையல்காரரும் தங்கச்சி வீடும். இந்நிலையில் 2021 மே மாதம் இத்துறையில் ஒரு புரட்சி நடந்தது. நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆனது. வீட்டில் ஒருத்தரிடமும் பஸ் காசு கேட்க வேண்டாம் என்றால், எங்கே போகிறோம் என்று சொல்லவும் வேண்டாம். பாளையில் ஜன்னலோரம் ஏறி உட்கார்ந்த ஒரு ஆச்சியிடம் கண்டக்டர் கேட்டார்:

"ஆச்சி, எங்க எறங்கணும்?"

"நீ எங்க வண்டியத் திருப்புதியோ, அங்கன."

"அங்க எறங்கி?"

"எதுக்கு எறங்கணும்? நீ திரும்பி வருவேல்லா?"

சூத்திரத்தில் 'நடத்தலும் நிற்றலும்' என்றதோடு 'ஊர்தலும்' என்று திருத்தம் செய்ய இந்த ஆச்சியே காரணம்.

சாக்கே தேவைப்படாத நாள் ஆண்டுக்கு ஒன்று உண்டு. ஆனித் திருவிழாவின் ஒன்பதாம் நாள், தேரோட்டம். அன்றைக்கு நாலு ரத வீதியிலும் நிற்பதே வேலை. வடத்தைக் கூர்ந்து பார்த்தால் ஒரு விஷயம் தெரியும். முன்னால் இருப்பவர்கள் உடம்பைச் சாய்த்து, குதிகாலை ஊன்றி இழுப்பார்கள். நடுவில் இருப்பவர்கள் பிடித்துக்கொண்டு நடப்பார்கள். ஓரத்தில் ஒருவர் இரண்டு விரலை மட்டும் வடத்தின் மேல் வைத்துக்கொண்டு பக்கத்துக்காரரிடம் மகளுக்கு வரன் விசாரித்துக்கொண்டிருப்பார். 'தேர் இழுத்திட்டு வாரேன்' என்று வீட்டில் சொல்லும் உரிமை மூவருக்கும் சமம்.

இனி சாக்குகளின் அரசனான அல்வா. கீழரத வீதியில், கோயிலுக்கு எதிரே, பெயர்ப்பலகை இல்லாத இருட்டுக்கடை. சாயங்காலம்தான் திறப்பார்கள், தீர்ந்ததும் அடைத்துவிடுவார்கள். முதல் விதியால் சாயங்காலம் வெளியே போவது கடமையாகிறது. இரண்டாம் விதியால் முன்கூட்டியே போய் நிற்பது விவேகமாகிறது. நூறு கிராம் வாங்கி இலைத்துண்டோடு உள்ளங்கையில் வைத்தால், சூடு இலையைத் தாண்டி வரும். நெய் இலை நரம்பு வழியே வழிந்து மணிக்கட்டுக்கு இறங்குவதற்குள் தின்றுவிட வேண்டும். பல்லுக்கு அங்கே வேலையில்லை. கோதுமையை ஊறவைத்து ஆட்டிப் பாலெடுத்து, சர்க்கரையும் நெய்யும் விட்டுக் கிண்டுவதுதான் செய்முறை. ருசிக்குக் காரணம் தாமிரபரணித் தண்ணீர் என்பது ஊரின் சித்தாந்தம். சென்னையில் 'திருநெல்வேலி அல்வா' என்று பலகை மாட்டியிருப்பவர்கள் இச்சித்தாந்தத்துக்கு மறுப்பு எழுதக் கடமைப்பட்டவர்கள், எழுதக் காணோம்.

தடயம் என்ற வகையில் மட்டும் அல்வாவுக்கு ஒரு பலவீனம். அது ஆறும். ஆறின அல்வாவில் நெய் உறைந்து மேலே வெள்ளை படரும். பொட்டலத்தை வாங்கி ஒரு விரலால் தொட்டுப் பார்த்து, வாங்கி எவ்வளவு நேரம் ஆயிற்று என்று சொல்லிவிடும் வல்லமை நெல்லை இல்லத்தரசிகளிடம் பரவலாக உண்டு. கடைசியில் வாங்கலாம் என்றால் அதற்குள் கடை அடைத்துவிடும். இருட்டுக்கடையில் நின்று தின்றுவிட்டு, லாந்தி முடித்து, ராத்திரி ஜங்ஷனில் சூடாக ஒரு பொட்டலம் வாங்கிப் போகலாம் என்று சிலர் முன்மொழிந்திருக்கிறார்கள். அதையும் சோதித்தாயிற்று. ஒரு விள்ளல் வாயில் போட்டதுமே 'இது ஜங்ஷன் அல்வால்லா?' என்று தொடங்கி, 'டவுனுக்குப் போனவியளுக்கு ஜங்ஷன்ல என்ன சோலி?' என்று வரும் கேள்விக்கு இத்துறை இன்னும் விடை காணவில்லை.