ஆமணக்கெண்ணெய்க்கு லேபல் கிடையாது

யாழ்ப்பாணத்தில் ஆவணி விடுமுறை விட்டால் இரண்டு காரியங்கள் தப்பாமல் நடக்கும். ஒன்று நல்லூர்க் கொடியேற்றம், மற்றது பேதி. முதலாவதற்கு ஊரே திரளும். இரண்டாவதற்கு வீட்டுப் பிள்ளைகள் மட்டும். அதுவும் கோழி கூவும் நேரத்தில், வெறும் வயிற்றோடு, வரிசையாக.

அம்மம்மா வாங்கில் இருப்பார். பக்கத்தில் ஆமணக்கெண்ணெய்ப் போத்தல், ஒரு சில்வர் தம்ளர், சீனி போடாத கோப்பி, உரித்த தோடஞ்சுளை. ஒரு கிலோ எடைக்கு இத்தனை கிராம் என்ற கணக்கெல்லாம் அவரிடம் இல்லை. முகத்தைப் பார்ப்பார், வயிற்றைத் தட்டிப் பார்ப்பார், ஊற்றுவார். "மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரே இழுவையில குடி ராசா." ராசா ஓடித் தப்பினால் பெரிய மாமா வேலியடியில் நிற்பார்.

மலச்சிக்கல் இருந்ததா என்று கேட்கிறீர்களா? அது யாருக்கு வேண்டும்! நன்றாகப் போகிற பிள்ளைக்கும் பேதிதான். பூச்சி விழும், இரத்தம் சுத்தமாகும், அடுத்த தவணைக்குப் படிப்பு ஏறும். நான்கு மாதத்துக்கு ஒருமுறை பேதி எடுக்கச் சொல்லிச் சித்த மருத்துவத்தின் 'பிணியணுகா விதி' பெரியவர்களுக்கு விதித்து வைத்திருக்கிறது. அம்மம்மா அதை வாசித்தவர் அல்ல. ஆனாலும் சட்டத்தை எங்கள் மேல் அமுல்படுத்தினார். வளவின் கோடியில் இருந்த ஒரேயொரு கக்கூசுக்கு அன்று நாங்கள் ஒன்றுவிட்ட சகோதரர்கள் அத்தனை பேரும் போட்டியிட்டோம். பின்னேரம் மிளகு ரசமும் குழைந்த சோறும். அதற்குள் கண் உள்ளே போய், கால் பின்னும். "இப்பதான் பிள்ளைக்கு முகம் தெளிஞ்சிருக்கு" என்பார் அம்மம்மா.

அந்தப் போத்தலில் என்ன இருக்கிறது என்று வீட்டில் ஒருவரும் கேட்டதில்லை. லேபலும் இல்லை. கேட்டிருந்தால் சுவாரசியமான பதில் கிடைத்திருக்கும். ஆமணக்கு விதையில் ரைசின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. எண்ணெயைப் பிழியும்போது அது புண்ணாக்கோடு தங்கிவிடும். எண்ணெயில் எஞ்சுவது ரிசினோலெயிக் அமிலம். குடலை முறுக்கி விரட்டும் வேலை அதனுடையது. ஆமணக்குக்கு அசையாத வயிற்றுக்குப் பரியாரியார் நேர்வாளக் குளிசை வைத்திருந்தார். நேர்வாளம் சுத்தி செய்யாவிட்டால் விஷம். சுத்தி செய்தாரா என்று பரியாரியாரைக் கேட்கிற துணிச்சல் எங்கள் பரம்பரையிலேயே கிடையாது.

வெள்ளைக்காரனும் குறைந்தவன் அல்ல. பேதிக்குக் கொடுத்த கலோமெல் என்ற பாதரச உப்பை, பல் முளைக்கும் குழந்தைகளுக்கான பவுடரிலும் கலந்து விற்றான். கையும் காலும் சிவந்து தோல் உரிந்த குழந்தைகளைப் பார்த்து 'பிங்க் நோய்' என்று பெயர் வைத்தார்கள். பிரிட்டனில் அந்தப் பவுடர்கள் பாதரசத்தைக் கைவிட 1954 ஆயிற்று. சொக்கலேற் வடிவிலும் பேதி மருந்து விற்றார்கள். அதில் இருந்தது பினோத்தலின். ஆம், உயர்தர வகுப்பு இரசாயனக் கூடத்தில் நாங்கள் குடுவைக்குள் துளித்துளியாக விட்டு, இளஞ்சிவப்பு வருகிறதா என்று பார்த்த அதே சாமான். எலிகளில் புற்றுநோய் கண்ட பிறகு, 1999இல் அமெரிக்கா அதை மருந்துப் பட்டியலில் இருந்து எடுத்தது.

இனி கனடாவுக்கு, ரொறன்ரோவின் ஸ்காபரோவுக்கு வருவோம்.

பேரன் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் அடக்கத் தொடங்கினான். அங்குள்ள கழிப்பறையில் தண்ணீர் தானாகச் சீறிப் பாய்கிறதாம், பயம். அடக்கினால் இறுகும், இறுகினால் நோகும், நொந்தால் இன்னும் அடக்குவான். குடும்ப டொக்டர் ஒரு வெள்ளைப் பொடி சொன்னார். மணமில்லை, சுவையில்லை, ஜூஸில் கரைத்தால் இருப்பதே தெரியாது. பிள்ளை சிரித்துக்கொண்டே குடிக்கிறான். இதெல்லாம் ஒரு பேதி மருந்தா என்று எனக்கு உள்ளூர ஒரு பொருமல்.

ஆனால் மருமகளுக்கு நித்திரை இல்லை.

"மாமா, இதில பொலிஎதிலீன் கிளைக்கோல் எண்டு கிடக்கு. கார் ரேடியேற்றருக்க விடுறதும் கிளைக்கோல்தானே? டப்பாவில பெரியாக்களின்ர அளவு மட்டும்தான் போட்டிருக்கு."

ரொறன்ரோவில் இந்தப் பயம் புரியக்கூடியது. இங்கே கராஜுக்குக் கராஜ் உறைதடுப்புத் திரவம் இருக்கிறது. நாயும் பிள்ளையும் அதைத் தொடக் கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். அது எதிலீன் கிளைக்கோல், மூலக்கூற்றுத் திணிவு 62. பொடியில் இருப்பது அதே குடும்பத்தின் நீண்ட சங்கிலி, சராசரித் திணிவு 3350. அவ்வளவு பெரியது குடற்சுவரைத் தாண்டி இரத்தத்துக்குள் பெரும்பாலும் போகாது. தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு மலத்தோடு வெளியே வந்துவிடும். கனடிய குழந்தை மருத்துவச் சங்கம் 2011இலேயே பிள்ளைகளின் மலச்சிக்கலுக்கு இதைப் பரிந்துரைத்தது. தொடர்ந்து கொடுக்கும் அளவு ஒரு கிலோ எடைக்கு 0.4 முதல் 1 கிராம் வரை.

அதற்காக மருமகளின் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. 2008இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எப்டிஏ இந்தப் பொடியின் எட்டுத் தொகுதிகளைச் சோதித்தபோது எதிலீன் கிளைக்கோலும் டைஎதிலீன் கிளைக்கோலும் மிகச் சிறு அளவில் இருக்கக் கண்டது. பெற்றோர் விடவில்லை. 2014இல், பிள்ளைகளின் உடம்பு இதை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று ஆராய, பிலடெல்பியா குழந்தைகள் மருத்துவமனைக்கு அரசுப் பணம் போயிற்று. மருந்து புழக்கத்துக்கு வந்து பதினைந்து வருடம் கழித்து!

டைஎதிலீன் கிளைக்கோல் என்ற பெயரைத் தமிழர் மறக்கக் கூடாது. 2025இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் இருபதுக்கு மேற்பட்ட பிள்ளைகளைக் கொன்ற கோல்ட்ரிஃப் இருமல் மருந்து தயாரானது காஞ்சிபுரம் மாவட்டத்தில். தமிழ்நாட்டின் சோதனையில் அதில் இருந்தது 48.6 சதவீதம். ஏற்கத்தக்க எல்லையோ 0.1 சதவீதம். அம்மம்மாவின் தம்ளரில் அப்படி ஒன்று இருந்திருந்தால் நாங்களும் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரே இழுவையில்தான் குடித்திருப்போம்.

மார்க்கம் வீதி மருந்துக்கடையில் மருமகள் முக்கால் மணி நேரம் நின்றாள். எனக்குக் கால் உளைந்தது. மருந்தாளர், அவரும் எங்கள் பிள்ளைதான், பொறுமையாகச் சொன்னார்: கராஜில் இருப்பது வேறு, இது வேறு, பேரனின் எடைக்கு அளவு இதுதான், வயிறு வீங்கினால், வாந்தி எடுத்தால் நிறுத்திவிட்டு உடனே டொக்டரைக் கூப்பிடுங்கள், பால் குறையட்டும், சாப்பிட்ட பிறகு ஐந்து நிமிடம் கழிப்பறையில் இருத்துங்கள், காலுக்குக் கீழே ஒரு முக்காலி வையுங்கள். நான் ஆமணக்கெண்ணெயைப் பற்றி வாய் திறந்தேன். இருவரும் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் மூடினேன்.

பெற்றோருக்கு ஒன்று சொல்வேன். யூனிவர்சிட்டி அவெனியூவில் உள்ள சிக்கிட்ஸ் மருத்துவமனை பெற்றோருக்கான தகவல்களைத் தமிழிலும் தருகிறது. வாசியுங்கள், டொக்டரைக் குடைந்து குடைந்து கேளுங்கள். ஆனால் பிள்ளை இரண்டு நாள் நன்றாகப் போய்விட்டான் என்று வாட்ஸப் மாமி சொன்னதை நம்பிப் பொடியை நீங்களாக நிறுத்தாதீர்கள். பாதியில் நிறுத்திய பிள்ளைக்கு மறுபடி இறுகும். எந்தப் போத்தலையாவது ஒருவரையும் கேட்காமல் எறிய வேண்டுமென்றால், தாத்தா ஊரிலிருந்து கொண்டுவந்து குசினி அலுமாரியில் ஒளித்து வைத்திருப்பதை எறியுங்கள்.