பூட்டின காருக்குள்ளை ஆர்?

வன்னியில் மனிசருக்கு வருத்தம் வந்தால் ஆஸ்பத்திரியில் துண்டெடுத்து வரிசையில் குந்தியிருக்க வேண்டும். காருக்கு வருத்தம் வந்தால் அந்தக் கரைச்சல் இல்லை. பொனற்றைத் திறந்து வைத்தால் போதும், வைத்தியர்கள் தாங்களாகவே படலையைத் திறந்துகொண்டு வந்துவிடுவார்கள்.

என் காரின் வருத்தம் இதுதான். நாளாந்தம் ஓடினால் ஒரு குறையும் சொல்லாது. வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்து மாமரத்துக்குக் கீழே பூட்டிவிட்டால் திங்கட்கிழமை காலையில் கட்டை. ரிமோட்டை அமத்தினால் கதவுகூடத் திறக்காது.

மச்சான் வந்தார். காரில் கை வைக்க முதலே "பற்றறி முடிஞ்சுது" என்றார். புதுப் பற்றறி போட்டோம். அடுத்த போயாவோடு ஒட்டி வந்த விடுமுறையில் அதுவும் படுத்துவிட்டது. "இப்ப வாற பற்றறியள் எல்லாம் இப்பிடித்தான்" என்று மச்சான் தீர்ப்பை மாற்றாமலே வழக்கை முடித்துவைத்தார். முன்வீட்டு ஓட்டோக்காரத் தம்பி, ஓல்டனேற்றர் சார்ஜ் பண்ணவில்லை என்று சத்தியம் செய்தான். அளந்து பார்த்தால் எஞ்சின் ஓடும்போது 14.2 வோல்ற் வருகிறது. நல்ல ஓல்டனேற்றர் உழைக்கிற உழைப்பு அதுதான். மாமி ஒன்றும் பேசாமல் உள்ளே போய், தேசிக்காயும் செத்தல் மிளகாயும் கோத்துக்கொண்டுவந்து முன்பக்கம் கட்டிவிட்டார். மூன்று வைத்தியத்திலும் செலவு குறைந்தது மாமியின் வைத்தியம்தான். பலனைப் பார்த்தால் மற்ற இரண்டுக்கும் அது சளைத்ததும் இல்லை.

வவுனியாவில் கொம்பியூட்டர் பூட்டிப் பார்க்கிற கராச் ஒன்று இருக்கிறது என்று கேள்விப்பட்டு, ஒருநாள் வயர் போட்டு ஸ்ராட் பண்ணிக்கொண்டு குடும்பத்தோடு வெளிக்கிட்டோம். ஏ9 வீதியில் போகிறவர்கள் முறிகண்டிப் பிள்ளையாரைக் கும்பிடாமல் போவதில்லை. லொறியென்ன, பஸ்ஸென்ன, இறங்கித் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டுதான் மேற்கொண்டு ஓட்டம். கிளிநொச்சியிலிருந்து முறிகண்டிவரைக்கும் உள்ள தூரம், வெறுமையாய்க் கிடக்கிற பற்றறிக்குத் தொண்டை நனைக்கவும் காணாது. எஞ்சினை நிப்பாட்டாமல் கும்பிடுவோம் என்றேன் நான். பிள்ளையாருக்கு முன்னால் எஞ்சினை உறுமவிட்டுக்கொண்டோ என்றார் மாமி. நிப்பாட்டினேன். தேங்காய் சரிபாதியாக உடைந்தது. கார் டிக், டிக், டிக் என்றது.

உடனே கச்சான் விற்கிற அம்மா தொடங்கி ஏழெட்டுப் பேர் காருக்குப் பின்னால் வந்து கை வைத்துவிட்டார்கள். வாகனம் தள்ளத் தெரியாத ஆள் இந்த மண்ணில் கிடையாது. பொருளாதாரத் தடைக்காலத்தில் மொறிஸ் மைனரையும் ஒஸ்ரின் கேம்பிறிட்ஜையும் தள்ளி, காபரேற்றருக்குள் ஒரு சொட்டுப் பெற்றோல் விட்டு உயிர் கொடுத்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டிக்கொண்டு போன சனம். "இது ஓட்டோமற்றிக், தள்ளி ஸ்ராட் பண்ணேலாது" என்றேன். கைகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. "தள்ளவும் ஏலாதெண்டால் பிறகென்ன கார்?" என்றார் ஒரு பெரியவர். இன்றுவரை எனக்குப் பதில் தெரியவில்லை.

வவுனியாவில் ஸ்ரேறிங்குக்குக் கீழே வயரைச் செருகி, திரையைப் பார்த்து, "கோட் ஒண்டும் இல்லை சேர். கார் சுகமாயிருக்கு" என்றார்கள். அந்த இயந்திரத்தில் பிழையில்லை. காரின் ஒரு பகுதி தன் குறையைத் தானே எழுதிவைத்திருந்தால்தான் அது வாசித்துச் சொல்லும். இருட்டுக்குள் சத்தமில்லாமல் குடித்துக்கொண்டிருக்கிற ஒருவன் எந்தக் காலத்தில் தன் பெயரை எழுதிவைத்திருக்கிறான்? காசைக் கட்டிவிட்டு, திரும்பி வரும்போது பிள்ளையாரைக் காருக்குள் இருந்தபடியே கும்பிட்டோம். அந்த முறை மாமியும் ஒன்றும் சொல்லவில்லை.

வீட்டில் எல்லாருடைய சந்தேகமும் ஜப்பான் அக்காவில் விழுந்தது. இந்தக் கார் ஜப்பானில் ஓடித் திரிந்து, பிறகு கப்பலேறி வந்தது. அங்கே நெடுஞ்சாலையில் காசு கட்டுகிறதற்குக் கார்ட் போடுகிற ஒரு சின்னப் பெட்டி உள்ளே அப்படியே இருக்கிறது. ஒவ்வொரு முறை ஸ்ராட் பண்ணும்போதும் ஒரு பெண்குரல், கார்ட் போடவில்லை என்று ஜப்பானிய மொழியில் மிகுந்த பணிவோடு முறையிடும். வன்னியில் அந்தக் கார்ட்டுக்கு எங்கே போவது? மாமி மாத்திரம் அவளை மதித்து, ஒவ்வொரு நாளும் "ஓம் பிள்ளை" என்று சொல்லிவிட்டுத்தான் பெல்ற் போடுவார். விடிய விடிய இவள்தான் உள்ளுக்குள் இருந்து கதைத்துப் பற்றறியை முடிக்கிறாள் என்பது என் மகனின் கண்டுபிடிப்பு.

கடைசியில் வந்தவர் உருத்திரபுரத்து ஐயா. அவர் கார் மெக்கானிக் அல்ல. றேடியோ திருத்தினவர், அதுவும் எந்தக் காலத்தில் என்பதுதான் விசேஷம். 1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடையில் ரோச் பற்றறி எங்களுக்குத் தடைசெய்த பொருள். கரண்ட் இல்லை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் கொஞ்ச மண்ணெண்ணெயும் விட்டு அந்த வெளிச்சத்தில் படித்தோம். செத்த பற்றறியை வெயிலில் காயவைத்து இன்னும் இரண்டு நாள் உழைக்க வைத்தோம். அதுவும் முடிந்தால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோக் கரண்டில் மற்றவர்கள் பிபிசி தமிழோசை கேட்பார்கள். சுற்றுகிறவருக்குக் கை உளைந்தால் செய்தியாளருக்குத் தொண்டை அடைக்கும். அந்த நாளில் ஐயாவிடம் றேடியோ திருத்தக் கொடுத்தால், உள்ளே இருக்கிற சின்ன வெளிச்சப் பல்பைக் கழற்றிக் கையில் தந்துவிடுவார். "காதாலை கேக்கிற சாமானுக்கு லைற் என்னத்துக்கு?"

ஐயா காரைச் சுற்றிவந்து ஒரு கேள்விதான் கேட்டார். "மாஸ்ரர், இது பூட்டிக் கிடக்கேக்கை எவ்வளவு குடிக்குதெண்டு ஆரும் அளந்தவையோ?"

ஒருவரும் அளக்கவில்லை. இத்தனை வைத்தியரில் ஒருவருக்கும் அந்த யோசனை வரவில்லை.

கனடாவிலிருந்து தன் மகன் அனுப்பிய டிஜிற்றல் மீற்றரை ஐயா எடுத்தார். பற்றறியின் நெகற்றிவ் வயரைக் கழற்றி, பற்றறிக்கும் வயருக்கும் நடுவில் மீற்றரைக் கொடுத்தார். குடிக்கிற கரண்ட் முழுக்க இப்போது அந்த மீற்றருக்குள்ளால்தான் போயாக வேண்டும். ஆனால் உடனே வாசிக்கக் கூடாது. இந்தக் காலத்துக் காருக்குள் ஒரு கொம்பியூட்டர் இல்லை, ஒரு கூட்டமே இருக்கிறது. கதவுக்கு ஒன்று, எயர்பாக்குக்கு ஒன்று, திறப்பைத் தேடுகிறதற்கு ஒன்று. பூட்டின பிறகும் அவை தங்களுக்குள் கொஞ்ச நேரம் கதைத்துக்கொண்டிருந்து, ஒவ்வொன்றாகத்தான் நித்திரைக்குப் போகும். அரை மணித்தியாலமும் ஆகலாம், சிலதுக்கு அதற்கு மேலும் ஆகலாம். எல்லாம் அடங்கின பிறகு வருகிற கணக்குத்தான் கணக்கு.

ஐயா கதவைத் திறந்து வைத்தபடியே, பூட்டின் நாக்கை ஸ்குறூட்றைவரால் தட்டி மடக்கினார். கதவு திறந்து கிடக்க, பூட்டிக் கிடக்கிறதென்று கார் நம்பிவிட்டது. திறப்பைக் கிணற்றடிக்கு அப்பால் கொண்டுபோய் வைக்கச் சொன்னார். கிட்ட இருந்தால் கார் அதை மணந்து முழித்துவிடுமாம். நாங்கள் கதிரைகளைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தோம். 3 அம்பியர் 2 ஆனது. 2 ஒன்றானது. மகன் பந்தை எடுக்க வந்து டிக்கியைத் திறந்தான். 4 அம்பியர்.

திரும்ப முதலில் இருந்து. 3, 2, 1. மனைவி கடைக்கு வெளிக்கிட்டு, கைப்பையோடு காருக்குப் பக்கத்தால் போனா. கைப்பைக்குள் மற்றத் திறப்பு. கண்ணாடிகள் இரண்டும் பவ்வியமாக விரிந்து வணக்கம் சொல்லின. "பிள்ளையளை நித்திரையாக்கேக்கைகூட நீங்கள் இவ்வளவு பாடுபடேல்லை" என்று போகிற போக்கில் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போனா. மூன்றாம் முறை ஐயா மகனைப் பெரியம்மா வீட்டுக்கு அனுப்பினார், கோழிகளைக் கூட்டில் அடைத்தார். மச்சான் படலையில் நின்று "பற்றறிதான்..." என்று தொடங்க, விரலை வாயில் வைத்துக் காட்டினார்.

முற்றமே மூச்சுப் பிடித்துக்கொண்டிருக்க, இலக்கம் 0.48 இல் வந்து நின்றது. அதற்குக் கீழே இறங்க மாட்டேன் என்றது.

ஒரு நல்ல காருக்கு 0.03, கூடினால் 0.05 போதும். 0.48 என்பது ஒரு நாளைக்குப் பதினொன்றரை அம்பியர் மணி. என்னுடையது 35 அம்பியர் மணிப் பற்றறி. வெள்ளி பின்னேரத்தில் இருந்து திங்கள் காலைக்குள் ஏறக்குறைய 30 காலி. நான் இந்தக் கணக்கைக் கொப்பியில் போட்டு மகிழ்ந்துகொண்டிருந்தேன். ஐயாவின் முகம் மாறிவிட்டது. அவர் போட்டது வேறு கணக்கு.

"மாஸ்ரர், சைக்கிள் டைனமோ எத்தினை வாற்ஸ்?"

"மூண்டு."

"இது கிட்டத்தட்ட ஆறு. அப்ப ரெண்டு பேர் இரவிரவாய் இந்த முத்தத்திலை சைக்கிள் மிதிக்க வேணும்." காரை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். "என்னத்துக்கு?"

அதற்குப் பிறகு அவரை நிறுத்த முடியவில்லை. பியூஸைக் கழற்றிக் கழற்றிப் பார்ப்போமா என்றேன். கழற்றித் திரும்பப் போட்டால் உறங்கினது எல்லாம் எழும்பிவிடும் என்று கையைத் தட்டிவிட்டார். ஒவ்வொரு பியூஸின் முதுகிலும் இரண்டு சின்ன உலோகப் புள்ளிகள் தெரியும். கரண்ட் அறாமல் நெகற்றிவ் வயரை முதலில் பற்றறியோடு தொடுத்துவிட்டு, மீற்றரை எடுத்து மில்லிவோல்ற்றில் வைத்து, இரண்டு ஊசி முனைகளை அந்தப் புள்ளிகளில் தொட்டார். கரண்ட் ஓடாத பியூஸில் பூச்சியம். ஓடினால், அந்தத் துளி உலோகத்தின் தடையே கொஞ்சத்தைக் காட்டிக்கொடுக்கும். பூச்சியம், பூச்சியம், பூச்சியம். கார்ட் பெட்டிக்குப் போகிற வயரிலும் ஒன்றும் இல்லை. ஜப்பான் அக்கா நிரபராதி. 15 அம்பியர் பியூஸ் ஒன்றில் 2 மில்லிவோல்ற்றுக்குக் கொஞ்சம் மேலே துடித்தது.

"றேடியோ" என்றார் ஐயா. பழைய பகையாளியைச் சந்தையில் கண்டது மாதிரி இருந்தது அந்தக் குரல்.

டாஷ்போட்டில் இருந்த பெரிய அன்ட்ரொயிட் செற்றை இழுத்தெடுத்தார். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தார்கள். அதற்கிடையில் நாட்டில் கிடந்த கார்கள்தான் கை மாறிக் கை மாறி ஓடின. விலையோடு சேர்ந்து வயரும் ஏறியது. ஒருவர் கமரா பூட்டுவார், ஒருவர் அலாரம், ஒருவர் கால் வைக்கிற இடத்தில் நீல லைற். என்னிடம் வந்த கார் அந்தக் கைகளையெல்லாம் உள்ளே வைத்திருந்தது. இந்தச் செற்றுக்கு இரண்டு வயர் முக்கியம். மஞ்சள் எப்போதும் கரண்ட் தரும், செற் ஓடவும் ஞாபகத்துக்கும். சிவப்பு, காரை ஓன் பண்ணினால்தான் உயிர் பெறும், செற்றை எழுப்பவும் படுக்கவைக்கவும். யாரோ ஒரு முன்னாள் சொந்தக்காரர் இரண்டையும் சேர்த்து முறுக்கி, கறுப்பு ரேப் சுற்றி வைத்திருந்தார்.

ஏன் என்று மகன்தான் கண்டுபிடித்தான். அன்ட்ரொயிட் எழும்பிப் பாட்டுப் போட அரை நிமிடத்துக்கு மேல் எடுக்கும். அந்த மனிசனுக்கு அந்தப் பொறுமை இருக்கவில்லை. ஏறின உடனே பாட்டு வேண்டும். அதனால் செற் ஒருநாளும் படுக்கவில்லை. திரையை மாத்திரம் இருட்டாக்கிவிட்டு, மாமரத்துக்குக் கீழே விடிய விடிய வைஃபை தேடிக்கொண்டிருந்திருக்கிறது.

ஐயா ரேப்பை உரித்து, வயர்களைப் பிரித்து, சிவப்பைக் கொடுக்க வேண்டிய இடத்தில் கொடுத்தார். திரும்பவும் கோழிகள் கூட்டுக்குள் போயின. 0.03.

இப்போது காரில் ஏறினால் முதலில் ஜப்பான் அக்கா முறையிடுவாள், மாமி "ஓம் பிள்ளை" என்பார், அதற்குப் பிறகுதான் பாட்டு. புதுப் பற்றறி போட்டதால்தான் எல்லாம் சரிவந்தது என்று மச்சான் ஊருக்குச் சொல்லித் திரிகிறார்.

காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார் ஐயா. தேத்தண்ணி குடித்துவிட்டு எழும்பினவர், மீற்றரைக் கழற்ற மனமில்லாமல் அந்த 0.03 ஐயே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இதை ஆர் குடிக்கிறது?"

"அது இருக்கத்தான் வேணும் ஐயா. மணிக்கூடு, அலாரம். பிறகு, நாங்கள் திறப்போடை கிட்ட வாறமோ எண்டு கார் பாத்துக்கொண்டிருக்கும். அதையும் நிப்பாட்டினால் கதவு தன்பாட்டிலை திறக்காது."

திறப்பை என் கையிலிருந்து வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பக்கத்தில் இருந்த சின்னக் கொழுக்கியை இழுக்க, உள்ளே ஒளிந்திருந்த இரும்புத் திறப்பு வெளியே வந்தது. அதை என் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"அப்ப இது என்னத்துக்கு மாஸ்ரர்?"