பெடல் ஷாஃப்ட் செய்த புண்ணியம்

1929, 1930 இரண்டு வருடமும் லே மான் பந்தயத்தை ஜெயித்த பென்ட்லி கார் ‘ஓல்ட் நம்பர் ஒன்’. 1932-இல் புரூக்லேண்ட்ஸில் நடந்த விபத்தில் ஓட்டியவர் இறந்தார். அதற்குள்ளேயே எஞ்சின் எட்டு லிட்டருக்கு மாறியிருந்தது. பிறகு பாடியும் மாறி, திறந்த வண்டிக்குக் கூரை முளைத்தது. பின்னாளில் அதையும் கழற்றிவிட்டுப் பழைய வேஷம் கட்டினார்கள்.

1990-இல் ஒரு கோடி பவுண்டுக்கு விலை பேசி, தகராறு லண்டன் கோர்ட்டுக்குப் போனது. வாங்க வந்த தரப்பு, இது அந்த வண்டியே இல்லை என்றது. பிரித்துப் பார்த்தால், 1930-இல் ஓடியதில் மிச்சம் கியர் பாக்ஸ் கூடு, ஸ்டியரிங் தண்டு, பெடல் ஷாஃப்ட், அவ்வளவுதான். நீதிபதி அசரவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத்தானே மாறிவந்திருக்கிறது, ஆகவே அசல்தான் என்றார். ஒரேயடியாக மாற்றினால் போலி, தவணையில் மாற்றினால் பரம்பரை! காயலான் கடைத் தராசில் வைத்தால் ஒரு வேளைச் சாப்பாட்டுக்குத் தேறாத மூன்று உருப்படிகள். பாக்கி விலை முழுக்கப் பெயருக்கு.