சித்திக்கு ஒரு தீம் கலர்

ரொறன்ரோவில் இருக்கும் சித்தி, மகளின் கலியாணத்தைக் கிளிநொச்சியில்தான் செய்வதென்று முடிவெடுத்தபோது மண்டபம், ஐயர், சமையல் எல்லாம் கெதியாகச் சரிவந்துவிட்டன. இழுபட்டது நிறம். அழைப்பிதழ், மணவறைச் சோடனை, கேக், தோழிப்பெண்ணின் சட்டை எல்லாம் ஒரே தீம் கலரில் இருக்கவேணுமாம். அதுவும் கடையில் பொறுக்கின நிறமாக இல்லாமல் "எங்கட ஊரின்ர நிறமா" இருக்கவேணுமாம். நான் அழைப்பிதழ் வடிவமைத்துப் பிழைக்கிறவன். ஆகவே ஊரின் நிறம் என் தலையில் விழுந்தது.

"படமெல்லாம் அனுப்புறன் தம்பி. கொம்பியூட்டரே நிறத்தை எடுத்துத் தருமாமே?"

தரும். ஒரு கோப்புறை நிறையப் படங்களைக் கொடுத்தால், படத்துக்கு ஐந்தோ எட்டோ நிறக் கட்டங்களை வரிசையாக வைத்துவிடும் மென்பொருள்கள் இருக்கின்றன. 1990இல் வெளிவந்த இமேஜ்மஜிக் இன்றைக்கும் இலவசமாக இந்த வேலையைச் செய்கிறது. சாதாரண கணினிப் படத்தில் 1,67,77,216 நிறங்கள் வரலாம். அதை எட்டாகக் குறைக்கப் பல வழிகள் உண்டு. போல் ஹெக்பெர்ட் என்பவர் 1982இல் வெளியிட்ட வழி, ஒரே நேரத்தில் 256 நிறம் மட்டும் காட்டக்கூடிய திரைகளுக்காக யோசித்தது. எங்கள் ஆட்களுக்கு அதை விளங்கப்படுத்தவே தேவையில்லை, காணி பிரிக்கிற மாதிரித்தான். படத்தின் புள்ளிகளை எல்லாம் ஒரு வளவுக்குள் விட்டு, நீளமான பக்கம் எதுவென்று பார்த்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சம எண்ணிக்கை வருமாறு குறுக்கே வேலி போடுவது. பிறகு துண்டுகளுக்குள் மறுபடி வேலி. எட்டுத் துண்டானதும் ஒவ்வொரு துண்டின் சராசரியும் ஒரு நிறம். கிராம அலுவலர் வரத் தேவையில்லை, பத்து வருசம் வழக்கும் நடக்காது.

ஒரேயொரு குறை, அது தலையைத்தான் எண்ணும். நெற்றியில் இருக்கும் குங்குமத்துக்குப் பத்துப் பதினைந்து புள்ளி. காலடி மண்ணுக்கு இலட்சக்கணக்கில். தேர்தல் முடிவு என்னவாக இருக்குமென்று சொல்லவேண்டியதில்லை.

முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் எடுத்த படத்திலிருந்து பிள்ளையாரும் வரவில்லை, உடைத்த தேங்காயின் வெள்ளையும் வரவில்லை. கிரவல், தார், ஹைஏஸ் வானின் சாம்பல், ஓரத்தில் கச்சான் கடையின் மண்ணிறம். இரணைமடுக் குளத்துப் படத்தில் நீலம் வருமென்று நம்பியிருந்தேன். தண்ணீர் வற்றிப் பின்வாங்கி, சேறு வெடித்துக் கிடந்தது. மார்கழியில் வந்து எடுத்திருந்தால் திரை முழுக்கப் பச்சை வந்திருக்கும். ஆனால் கனடாப் பள்ளிக்கூடங்கள் விடுமுறை விடுவது ஆடி ஆவணியில். வெளிநாட்டுச் சொந்தங்களின் படங்களை நம்பினால் வன்னியில் ஒருநாளும் மழை பெய்ததில்லை.

வற்றாப்பளைப் பொங்கல் வைகாசி இரவு. மஞ்சள் பல்ப் வெளிச்சத்தில் அம்மன் கோயில் வீதி, சனம், கடலைக்கடை எல்லாமே செம்மஞ்சள். நிறங்களை 1976இல் வகுத்த லாப் என்ற அளவைக்கு மாற்றினால் கண் உணருகிற வேறுபாட்டுக்குக் கிட்ட வருமென்பார்கள். மாற்றினேன். கிரவல் இன்னும் துல்லியமான கிரவலாக வந்தது.

பழைய படங்களும் இருந்தன. 2009க்கு முந்தின அல்பம் எங்கள் வீட்டில் ஒன்றுகூட இல்லை. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து போனதில் அதுவும் எங்கோ தங்கிவிட்டது. தப்பினவை, அந்தக் காலத்தில் சித்திக்குத் தபாலில் போன பிரதிகள்தான். அவற்றைப் பத்திரமாக ஸ்கேன் பண்ணி அனுப்பியிருந்தா. எழுபது எண்பதுகளின் கலர் படங்களில் பெரும்பாலும் முதலில் வெளிறுவது பச்சைநீலச் சாயம், மிஞ்சுவது சிவப்பு. அம்மம்மாவின் பச்சைச் சேலை, வாழைமரம், தாத்தாவின் மீசை எல்லாம் ஒரே பழுப்புச் சிவப்பில் ஒற்றுமையாக நின்றன.

இவ்வளவுக்கும் நடுவில், குடும்ப விசேசப் படங்களில் மட்டும் ஒரு ஆழ்ந்த மெரூன் திரும்பத் திரும்ப வந்தது. சாமத்திய வீடு, பிறந்தநாள், அந்தியேட்டி, எதைப் போட்டாலும் மூன்றாவது கட்டத்தில் அதுதான். நான் ஆராய முந்தியே சித்திக்குக் கட்டங்கள் போய்விட்டன. அவ அதையே பிடித்துக்கொண்டா.

"இதுதான் தம்பி! அம்மாவின்ர கூறைச் சேலை நிறம். பாக்கவே நெஞ்சுக்குள்ள என்னவோ செய்யுது."

படங்களைப் பெருப்பித்துப் பார்த்தேன்.

"சித்தி, அது கதிரை."

"எந்தக் கதிரை?"

"வாடகைப் பிளாஸ்டிக் கதிரை. எல்லா விசேசத்துக்கும் ஒரே கடையிலதானே எடுக்கிறது."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. கனடாவில் இரவு பதினொரு மணியிருக்கும்.

"இருக்கட்டும்," என்றா. "நிறம் வடிவாத்தானே இருக்கு. அழைப்பிதழை அதிலயே அடியும்."

அடித்தாயிற்று. தங்க எழுத்தோடு, உண்மையைச் சொன்னால், நன்றாகவே இருந்தது. கேக்காரருக்கும் சோடனைக்காரருக்கும் நிற இலக்கம் கொடுத்தாயிற்று. போன கிழமை சித்தி மண்டபத்தை வீடியோவில் காட்டச் சொன்னா. வரிசையாகக் கதிரைகள்.

"ஐயோ, இந்தப் பிளாஸ்டிக் கதிரை அப்பிடியே தெரிஞ்சா அசிங்கமெல்லோ. எல்லாத்துக்கும் உறை போடச் சொல்லும்."

"என்ன நிறத்தில சித்தி?"

"இதென்ன கேள்வி? தீம் கலரிலதான்."

தையல்காரர் துணியை ஒரு கதிரையின் முதுகில் வைத்துப் பார்த்தார். வித்தியாசம் தெரியவில்லை. முற்பணம் வாங்கிக்கொண்டார்.